உருவி விடலாமா? – பாலகாட்டில் கேட்ட ஒரு கேள்வியின் வரலாறு

சென்ற ஆண்டு என் தந்தைக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீடு கோலார் தங்கவயலில், பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளர்க்கென்று எழுந்த லைன் வீடுகளுள் ஒன்று. ஒன்பதாம் நாள் காலையில், அறுவை செய்த காலின் கெண்டைச்சதை வீங்கி இறுகியிருந்தது. பெரியம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து காலடியில் அமர்ந்தார். எதற்கும் கேட்டுவிடலாம் என்று அம்மா மருத்துவமனைக்குத் தொலைபேசினார். "கால் வீங்கியிருக்குங்க, எண்ணெய் போட்டு உருவி விடலாமா?" என்பதே அவர் கேட்டது. மறுமுனையில் இருந்தவருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். "லைட்டா மசாஜ் பண்ணலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெரியம்மாவின் கையைத் தடுத்தவர், நலம் விசாரிக்க வந்த அடுத்த லைன் முதியவர். சுரங்க மருத்துவமனையில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் இரு புறங்கைகளையும் அப்பாவின் இரு கெண்டைக்கால்களின்மேல் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். "அம்மா, இதுல கை வைக்காதீங்க. ஒரு கால்தான் வீங்கியிருக்கு, சூடாவும் இருக்கு. முதல்ல வண்டி கூப்பிடுங்க" என்றார். அன்று மாலை ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தக்கட்டு இருப்பது உறுதியானது. பெரியம்மா அந்தக் காலை அழுத்தி உருவியிருந்தால், கட்டு பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்திருக்கக்கூடும். அத்தகைய நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அப்பா நலமாக இருக்கிறார். ஆனால் மொழியியல் படித்தவன் என்ற முறையில் அந்தத் தொலைபேசி உரையாடல் என்னை விட்டு அகலவில்லை. அம்மா கேட்டது "உருவுதல்" பற்றி. விடை வந்தது "மசாஜ்" பற்றி. இரண்டும் ஒன்றல்ல. அறுவைக்குப் பின் உடலை எப்போது, எங்கே, எவ்வளவு அழுத்தத்தோடு, யார் தொடலாம் என்ற கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் இரு கிளைகள் எங்கள் ஊரில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அருகருகே இருந்தன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததன் விளைவைத்தான் எங்கள் வீட்டில் கண்டோம் என்பது என் துணிபு.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்த பின்னரே தங்கவயல் பெருந்தொழிலிடமாயிற்று. தெற்கிலிருந்து வடக்காக மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனச் சுரங்கங்கள் ஒரே தங்கப்படிவத்தின்மேல் வரிசையாக அமைந்தன. வடஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அவற்றின் உழைப்புத் திரளாயினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. அத்தகைய ஆழத்தில் பாறை தானே வெடித்துச் சிதறும். நசுங்கிய விரல், முறிந்த தொடை, துண்டிக்கப்பட்ட கால் ஆகியவை லைன் வீடுகளின் அன்றாடச் செய்திகளாயிருந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்படும்வரை இந்நிலை நீடித்தது.

இத்தகைய ஊரில் இரு மருத்துவங்கள் இருந்ததில் வியப்பில்லை. ஒன்று நிறுவனத்தின் மருத்துவமனை: அறுவை, தையல், மாவுக்கட்டு. மற்றொன்று லைன் வீட்டுத் திண்ணை: எண்ணெய், ஒற்றடம், கை. இரண்டாவதை நாட்டுப்புற நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சித்த மருத்துவரான அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. ஆகவே லைன்களில் வாழ்ந்தோர்க்குத் தமிழ் மருத்துவச் சொற்கள் வாய்வழியாக மட்டுமின்றி அச்சுப் பண்பாட்டின் வழியாகவும் அயலானவை அல்ல.

அந்தச் சொற்களைப் பார்ப்போம். சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம் என விரியும் அப்பட்டியலில் அறுவையும் உண்டு, தொக்கணமும் உண்டு. அதாவது உடலை அறுப்பதும் உடலைப் பிடித்துவிடுவதும் ஒரே மருத்துவனின் கைக்கருவிகளாக, ஆனால் வெவ்வேறு செயல்களாக எண்ணப்பட்டன. தொக்கணத்தையும் ஒன்றாகச் சொல்லி விட்டுவிடவில்லை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பதாகப் பிரித்தார்கள். வடமொழி மருத்துவ மரபிலும் இந்த எச்சரிக்கை உண்டு. புதிய காய்ச்சல் உள்ளவர்க்கும், செரிமானம் கெட்டவர்க்கும், வாந்தி அல்லது பேதி மருந்து அப்போதுதான் கொடுக்கப்பட்டவர்க்கும் எண்ணெய் தேய்க்கலாகாது என்று சுசுருத சங்கிதை விலக்குகிறது. தளர்ந்திருக்கும் உடல் எல்லாத் தொடுகையையும் ஏற்காது என்ற அறிவு பழையதே.

ஏட்டை விட்டு வீட்டுக்கு வந்தால் வினைச்சொற்கள் இன்னும் நுட்பமாகின்றன. தடவுதல் தோலின் மேற்பரப்போடு நிற்கிறது. வருடுதல் அதனினும் மெல்லியது. நீவுதலில் ஒரு திசை வந்துவிடுகிறது. பிடித்தலில் விரல்கள் தசையைக் கவ்வுகின்றன. பிசைதல் மாவைப் பிசையும் அதே வினை. அமுக்குதலில் உடல் எடை சேர்கிறது. மிதித்தலில் முழு எடையும் இறங்குகிறது. வேலை முடித்து வந்த தாத்தாக்களின் முதுகில் பேரப்பிள்ளைகள் ஏறி நடந்ததை எங்கள் தலைமுறையும் செய்திருக்கிறது. உருவுதல் என்பது வாளை உறையிலிருந்து உருவுவதற்கும், கிளையிலிருந்து இலைகளை உருவுவதற்கும் வழங்கும் சொல். பற்றிக்கொண்டு, நெடுக இழுத்து, உள்ளிருப்பதை வெளியே கொண்டுவருவது அதன் உட்பொருள். சிரைக்குள் ரத்தக்கட்டு இருக்கும் ஒரு காலுக்கு இதைவிட ஆபத்தான வினை வேறில்லை. அம்மா தம் கேள்வியில் மிகத் துல்லியமான தகவலைத் தந்திருந்தார். "மசாஜ்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் விழுந்ததும் அந்தத் துல்லியம் மறைந்துவிட்டது.

இன்னொன்றும் கவனத்திற்குரியது. "உருவு" என்று யாரும் சொல்வதில்லை, "உருவி விடு" என்றே சொல்கிறோம். தலை வாரி விடு, சோறு ஊட்டி விடு, கால் பிடித்து விடு என்பவற்றில் எல்லாம் இந்த "விடு" பிறர் உடலுக்கு நாம் செய்யும் பணிவிடையைக் குறிக்கும் துணைவினையாகிறது. செயலுக்கு ஆட்படுபவர் நன்மை பெறுபவர் என்று இந்த அமைப்பே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. ஆகவேதான் "உருவி விடாதே" என்பது மருத்துவ அறிவுரையாகக் காதில் விழுவதில்லை. அன்பை மறுப்பதாக விழுகிறது. பெரியம்மா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

இனி மருத்துவமனைக் கிளைக்கு வருவோம். "மசாஜ்" என்ற சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு வழியாக. அதற்கு முன் அங்கே வழங்கிய சொற்களுள் ஒன்று நம் நாட்டிலிருந்து சென்றது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 1814இல் குளியலகம் நிறுவி, உடலைப் பிடித்துவிடும் கலையை "ஷாம்பூயிங்" என்ற பெயரில் நடத்தினார். அமுக்குதலைக் குறிக்கும் இந்தி வினையிலிருந்து பிறந்த சொல் அது. நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு அவர் "ஷாம்பூயிங் சர்ஜன்" ஆனார். பின்னாளில் அச்சொல் தலைமுடியோடு ஒதுங்கிக்கொண்டது.

அறுவையும் தொடுகையும் எதிரெதிரே நின்று வாதிட்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். சிரையில் உண்டாகும் கட்டு பெயர்ந்து நுரையீரலை அடைக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோ 1856 அளவில் தெளிவாக நிறுவியிருந்தார். எனவே அறுவை செய்த உடலை அசைக்காதிருப்பதே காப்பு என்று பலர் கருதினர். மறுபுறம், எலும்பு முறிவை மாதக்கணக்கில் அசையாது கட்டிவைப்பது மூட்டை இறுக்கித் தசையை வற்றச்செய்கிறது என்று பிரெஞ்சு அறுவை மருத்துவர் லூக்கா சாம்பியோனியர் வாதிட்டார். மென்மையான வருடலும் விரைவான அசைவும் வேண்டும் என்று 1895இல் நூலே எழுதினார். அவர் பரிந்துரைத்தது வலி உண்டாக்காத, மிக மெல்லிய தொடுகை. பின்வந்தோர் பலர் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

1894இல் லண்டனில் நான்கு செவிலியர் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கத்தைத் தோற்றுவித்தனர். மசாஜ் என்ற பெயரில் நடந்த ஒழுக்கக்கேடுகளை மருத்துவ இதழொன்று அம்பலப்படுத்தியிருந்த நேரம் அது. தொழிலின் நற்பெயரைக் காக்க அவர்கள் வகுத்த விதிகளுள் முதன்மையானது, மருத்துவரின் நெறிப்படுத்தலின்றி யாரையும் தொடலாகாது என்பது. கண்ணியத்தைக் காக்க எழுந்த அவ்விதி நோயாளியின் பாதுகாப்பு விதியாகவும் ஆயிற்று. இன்றைய இயன்முறை மருத்துவத்தின் பிரித்தானியச் சங்கம் அந்த அமைப்பின் வழிவந்ததே. 1944இல்தான் அது பெயரில் "மசாஜ்" என்பதை நீக்கியது.

அறுவைக்குப் பின் இரண்டு மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் பரவலாக இருந்தது. 1940களில் அது தலைகீழாயிற்று. படுக்கையில் கிடப்பதன் தீங்குகளை ரிச்சர்ட் ஆஷர் 1947இல் எழுதிய கட்டுரை அந்த மாற்றத்தின் அடையாளமாக இன்றும் கற்பிக்கப்படுகிறது. அசையாத காலில்தான் கட்டு உண்டாகிறது. ஆகவே நோயாளி தானே எழுந்து நடப்பதே காப்பு என்றாயிற்று. இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். நோயாளி தன் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது கட்டு உண்டாகாமல் தடுக்கும் வழிகளுள் ஒன்று. உண்டாகிவிட்ட கட்டின்மேல் பிறர் கை அழுத்துவது அதைப் பெயர்க்கும் வழிகளுள் ஒன்று. தொக்கணப் பட்டியலின் ஒன்பதாவது சொல்லையும் ஆறாவது சொல்லையும் பிரித்தறிவது உயிர்ப்பிரச்சினையாக மாறும் இடம் இது.

இந்த இரு கிளைகளும் தமிழ் நிலத்தில் உண்மையாகச் சந்தித்த ஓரிடம் எங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லை. பங்காருப்பேட்டையில் ரயில் ஏறினால் காட்பாடி, அங்கிருந்து வேலூர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். அறுவை மட்டும் போதாது என்பது விரைவில் விளங்கிற்று. சீனாவிலிருந்து வந்து சேர்ந்த ரூத் தாமஸ் என்ற இயன்முறை மருத்துவர், மாற்றப்பட்ட நாணுக்குப் புதுவேலை கற்பிக்கும் பயிற்சியை உருவாக்கினார். இடம் மாற்றித் தைக்கப்பட்ட நாண் பிடித்துக்கொள்ள வாரக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும்; அதன் பின்னரே அசைவு. ஆனால் அக்கைகளுக்கு உணர்ச்சி இல்லை. மற்ற நோயாளிகளிடம் "வலித்தால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொடரலாம்; இவர்களிடம் அச்சொற்றொடருக்குப் பொருளில்லை. எனவே தோலின் வெப்பத்தைக் கவனிக்கக் கற்றார்கள். ஓரிடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருந்தால் அங்கே அழற்சி தொடங்கியிருக்கிறது. வேலையை நிறுத்த வேண்டும்.

எங்கள் டிரஸ்ஸர் தம் புறங்கைகளை வைத்துப் பார்த்ததும் இதையே. இதை எங்கே கற்றீர்கள் என்று பின்னர் கேட்டேன். மருத்துவமனையில் பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிவரும்போது செய்வதைப் பார்த்துப் பழகியதாகச் சொன்னார். உடலின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிடுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. அறுவைக்குப் பின் தோலின் சில பகுதிகள் நெடுநாள் மரத்திருப்பதும் இயல்பு. அங்கே எண்ணெயின் சூடு எவ்வளவு என்று நோயாளியால் சொல்ல இயலாது.

இந்த வரலாறு எல்லாம் சேர்ந்து நமக்குத் தரும் முன்னெச்சரிக்கைகளைச் சுருக்கமாகத் தொகுக்கிறேன்.

முதலாவது காலம். தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, புண் முற்றிலும் மூடிய பின்னரே தழும்பின்மேல் கை வைக்கலாம்; அதையும் அறுவை செய்தவர் சொன்ன பின்னரே. மூடாத புண்ணில் எண்ணெய் படுவது தொற்றை அழைப்பதாகும்.

இரண்டாவது அறிகுறி. ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, கெண்டைச்சதை வலி, காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ் – இவற்றுள் எது இருந்தாலும் தொடுவதற்கு முன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. இடுப்பு, முழங்கால் அறுவைகளுக்குப் பின் ரத்தக்கட்டின் அபாயம் வாரக்கணக்கில் நீடிக்கும். வீட்டுக்கு அனுப்பப்பட்டதால் அபாயம் நீங்கியது என்று பொருளில்லை.

மூன்றாவது இடம். முழங்கை மூட்டில் அடிபட்ட பின்னோ அறுவைக்குப் பின்னோ அழுத்தி உருவுவது, தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு மடங்காமற் போக வழிவகுக்கும். நம் நாட்டு எலும்பு மருத்துவ மாணவர்க்கு இது பாடநூலிலேயே எச்சரிக்கையாகச் சொல்லித்தரப்படுகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்க்கு அந்தக் கையை அழுத்திப் பிடித்துவிடுவது தீங்கு. அதற்கெனப் பயின்றவர் செய்யும் மெல்லிய நிணநீர் வடிப்பு முறை தனியே உண்டு.

நான்காவது மருந்து. ரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவருக்குச் சிறிய அழுத்தமும் உள்ளே ரத்தம் கசியச் செய்யலாம். தொடுபவரிடம் இதை முன்னரே சொல்ல வேண்டும்.

ஐந்தாவதாகப் பேறுகாலக் குளியலைத் தனியே சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, வயிற்றை அமுக்கி, வெந்நீர் ஊற்றி, துணியால் இறுகக் கட்டும் வழக்கம் இயற்கைப் பேற்றைச் சூழ்ந்து உருவானது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு ஏறத்தாழ 45 பிறப்புகளும், கர்நாடகத்தில் 31க்கு மேற்பட்டனவும் அறுவையால் நிகழ்கின்றன. பெயரில் அது இன்றும் "பிரசவம்" தான். உடலுக்கு அது வயிற்று அறுவை. சொல் மாறாததால் சடங்கும் மாறவில்லை. தைத்த வயிற்றின்மேல் அதே கை அதே அழுத்தத்தோடு இறங்குகிறது. தலைக்கும் தோளுக்கும் எண்ணெய் தேய்ப்பது வேறு, வயிற்றை அமுக்குவது வேறு என்று குளிப்பாட்ட வரும் மருத்துவச்சியிடம் யாரேனும் சொல்லியாக வேண்டும்.

இவை எதுவும் தொடுகைக்கு எதிரான வாதமல்ல. அறுவைக்குப் பின் முறையான மசாஜ் வலியையும் பதற்றத்தையும் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தழும்பு இறுகாமல் தளர, பயின்ற கை உதவுகிறது. பெரியம்மாவின் கை சுரங்கத்திலிருந்து ஏறிவந்த எத்தனையோ உடல்களுக்கு உறக்கம் தந்த கை. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவரிடம் யாரும் அவருடைய மொழியில் எதையும் சொல்லவில்லை என்பதே குறை.

அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஏழு மருந்துகளின் பெயர்களும், மறுபடி வரவேண்டிய நாளும் இருந்தன. காலைத் தொடுவது பற்றி ஒரு வரியும் இல்லை. "காலை உருவவோ அமுக்கவோ கூடாது. கணுக்காலை நீங்களே அசைக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வாருங்கள்." மூன்று தமிழ் வாக்கியங்கள் போதும். தமிழ்நாட்டிலும், தமிழர் பெருகி வாழும் தங்கவயல் போன்ற ஊர்களுக்கு அருகிலும் உள்ள மருத்துவமனைகள் இவற்றைத் தாளில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மை மட்டுமே. மருத்துவமும் செவிலியமும் இயன்முறையும் பயிலும் தோழர்கள் தங்கள் துறைகளில் இதை முன்மொழிய வேண்டும் என்பது என் வேண்டுகோள். நோயாளியின் வீட்டார் "உருவலாமா, நீவலாமா, பிடிக்கலாமா" என்று எந்த வினையில் கேட்கிறார்களோ, அந்த வினையிலேயே விடை சொல்லுங்கள்.

மூன்று மாதங்களுக்குப் பின் மருத்துவர் ஒப்புதல் தந்தார். பெரியம்மா மறுபடி நல்லெண்ணெயோடு வந்தார். காலைத் தொடுமுன் தம் புறங்கையை முதலில் ஒரு கெண்டைக்காலிலும் பிறகு மற்றதிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு நீவத் தொடங்கினார்.